காசில் கட்டிய கொட்டகை

வெளிநாட்டில் பழைய காரை மெஷினில் போட்டு நொறுக்கினால் இரும்பை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். மிச்சமிருக்கிற அலுமினியம், செம்பு, பித்தளை, துத்தநாகம் எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கலந்து, கண்டெய்னர் ஏறி, கப்பலில் வந்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி முற்றத்தில் கொட்டப்படும். அதைப் பிரித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. நான் பெல்ட் ஓட்டுகிறவன். பொத்தானை அமுக்கினால் பெல்ட் நகரும். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிற பெண்கள் ஓடுகிற குவியலில் கைவிட்டு, எது எந்தக் கூடைக்குப் போகவேண்டுமோ அதில் எறிவார்கள். கண்ணால் பார்த்துப் பிரிப்பதில்லை. கையில் எடுத்ததும் கனத்தை வைத்தே தெரிந்துவிடும். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்கு வேலை செய்யும்.

என் மனைவியும் அந்தப் பெண்களில் ஒருத்தி. நான் ஐந்தாவதோடு நின்றவன், அதிகம் பேசாதவன். நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்தால் வார்த்தை தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் பேசுகிற வேலை முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள். எனக்கும் சேர்த்துப் பேசி இன்றுவரை அவள் களைத்ததில்லை.

உடைத்த கார்களோடு காசும் வரும். அந்த ஊர்க்காரர்களும் சீட்டு இடுக்கில் சில்லறையைத் தவறவிட்டுத் தேடாமல் போகிறவர்கள்தான் போல. எங்கள் பெண்கள் ஒவ்வொரு காசுக்கும் ஒரு பேர் வைத்திருந்தார்கள். ராணி, கழுகு, வீணை, ஆலமரம். "இந்தா, ஒரு கழுகு மாட்டுச்சு" என்று சத்தம் வரும். கிடைத்த காசை ஆபீசில் இருக்கிற ஊறுகாய் ஜாடியில் போட்டுவிட வேண்டும் என்பது சட்டம். முதலாளியின் மகனுக்குக் காசு சேர்க்கிற பைத்தியம். வெளிநாட்டில் படித்து வந்தவர். வாரம் ஒருமுறை வந்து ஜாடியைக் கவிழ்த்துப் பார்ப்பார். நாங்கள் அவரைச் சின்னவர் என்போம்.

முற்றத்துக்குக் கூரை கிடையாது. உருக்குகிற உலைக்குக் கூரை உண்டு, அலுமினியக் கட்டிக்கு உண்டு, முதலாளியின் காருக்குப் பெட்டி மாதிரி தனி ஷெட் உண்டு. பிரிக்கிற பெண்களுக்கு மட்டும் வானம். காங்கிரீட் தரை சூடேறி, உலோகம் சூடேறி, பத்து மணிக்கெல்லாம் கையுறைக்குள் விரல் வேகும். போன கத்திரி வெயிலில் என் மனைவி உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து, ஓடுகிற பெல்ட் மேல் முகம் குப்புற விழுந்தாள். நான் பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். அதற்குள் பெல்ட் அவளைக் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டது. கன்னத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. இன்னொரு தடவை இப்படி வெயிலில் விழுந்தால் எழுப்ப முடியாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னார். வேலையை விடுகிற நிலையில் நாங்கள் இல்லை. அடுத்த கத்திரிக்குள் கூரை வந்தாக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பெண்கள் எல்லோரும் சேர்ந்து முதலாளியிடம் போனார்கள். பின்னாலே நானும் போய் நின்றேன்.

"பிளான் எல்லாம் போட்டாச்சும்மா. மனசுல இருக்கு" என்றார் முதலாளி.

"மனசுல கூரை போட்டா தலைல வெயில் படாதா மொதலாளி?" என்று கேட்டாள் என் மனைவி.

முதலாளி சிரித்தார். அவர் சிரித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஆடி முடிகிற சமயத்தில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் மனைவி கையில் ஒரு காசு வைத்திருந்தாள். ராணியும் இல்லை, கழுகும் இல்லை. கன்னங்கரேலென்று, வட்டமும் சரியாக வராமல், கடித்துத் துப்பிய பிஸ்கட் மாதிரி இருந்தது. கனத்தைப் பார்த்து, "பித்தள தான்யா இது, அழுக்கு ஏறிகினு கீது" என்றாள். அன்றைக்கு அவள் கொண்டுவந்திருந்தது புளிசோறு. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த புளியை வழித்து, தரையிலிருந்த சாம்பலைத் தொட்டு, வீட்டில் குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி கரகரவென்று தேய்த்தாள். கருப்பு போய் மஞ்சள் வந்தது. மஞ்சளில் ஒரு ஆம்பிளை முகம் வந்தது. தாடையும் மூக்கும் கழுத்தும் தடியாக, யாரையும் மதிக்காத முகம்.

"பாருயா, நம்ம மேனேஜரு மாரியே கீறான்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவர் வந்தார். காசைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, இன்னாக்கா பண்ணினு இருக்கீங்க! இது ரோம் ராஜாவோட காசு. அந்தக் கருப்புதான் அதுக்கு மதிப்பே. ரெண்டாயிரம் வருஷத்தைப் புளி போட்டுத் தேச்சுட்டீங்களே!"

"அழுக்கு தானே தம்பி" என்றாள் அவள். "ரெண்டாயிரம் வருசமா ஒருத்தரும் வெளக்கலியா?"

ஆனாலும் சின்னவர் நல்ல மனிதர். கோபம் ஆறியதும் எங்களோடு தரையில் உட்கார்ந்து அந்தக் காசைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். காலேஜில் பாடம் நடத்த வேண்டியவர், வாய்ப்புக் கிடைக்காமல் எங்களிடம் மாட்டிக்கொண்டார். அன்றைக்கு நான் கேட்டது பள்ளிக்கூடத்தில் கேட்ட எல்லாவற்றையும்விட நன்றாக நினைவிருக்கிறது.

அந்தக் காலத்தில் பேப்பர் கிடையாது, டிவி கிடையாது. ராஜா ரோமாபுரியில் இருப்பான், அவன் ராஜ்யம் பல மாதப் பயண தூரத்துக்கு விரிந்து கிடக்கும். ராஜா செத்து வேறொருத்தன் வந்தான் என்பதே பல ஊருக்குக் காசைப் பார்த்துத்தான் தெரியுமாம். அதனால் ஒரு பக்கம் தன் முகம். முகத்தைச் சுற்றி, இடம் பற்றாமல் எழுத்தைச் சுருக்கிச் சுருக்கித் தன் பட்டங்கள். மறுபக்கம் தான் சொல்ல நினைத்த சேதி. தானியக் கதிரோடு ஒரு தேவதை நின்றால், ராஜா உங்களுக்குச் சோறு போடுகிறான் என்று அர்த்தம். இரண்டு கை குலுக்கிக்கொண்டிருந்தால், பட்டாளம் ராஜாவிடம் விசுவாசமாக இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பைபாஸ் ஓரத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நிற்கிற பிளெக்ஸ் பேனர்தான் இது. கூலிங் கிளாஸ் மட்டும் இல்லை. பேனர் காற்றில் கிழிந்துவிடும், காசு கிழியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"இதுல இன்னா வேடிக்கைன்னா," என்றார் சின்னவர், "பட்டாளம் மொறைச்சுக்கினு, ராஜாவை எப்ப போட்டுத் தள்ளலாம்னு பாத்துக்கினு இருக்கிற நேரத்துலதான் இந்தக் கை குலுக்கற காசு அடிப்பாங்க. எது இல்லியோ அதைத்தான் காசுல போடுவாங்க."

"காசுல வெள்ளியாவது இருக்குமா?" என்று கேட்டாள் பெல்ட்டில் எதிர்வரிசையில் உட்காருகிற ஆரம்பாக்கத்து அக்கா.

"மொதல்ல இருந்துச்சு. போகப் போகச் செம்பைக் கலந்து, கடைசியில மேல மட்டும் வெள்ளிப் பூச்சு. ஆனா எழுத்து மட்டும் மாறல. நாடு செழிப்பா இருக்குன்னுதான் கடைசி வரைக்கும் போட்டுக்கினு இருந்தாங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பூச்சை நம்பினால் எங்கள் தொழிலில் சோறு கிடைக்காது.

நாங்கள் தேய்த்த காசின் பின்பக்கத்தில் தூண் வைத்த ஒரு கட்டடம் இருந்தது. ஆறு தூண். கோயில் என்றார் சின்னவர். "சில சமயம் கோயிலைக் கட்டுறதுக்கு முன்னாடியே காசுல போட்டுடுவாங்க. தூரத்து ஊர்ல இருக்கிறவன் காசைப் பாத்து, ஆகா, நம்ம ராஜா கோயில் கட்டிட்டான்னு கும்பிட்டுக்குவான்."

இதைச் சொன்னபோது எங்களுக்குப் பின்னால் முதலாளி வந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. மகன் சொன்னதைக் கேட்டு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"கட்டறதுக்கு முன்னாடியேவா?" என்றார்.

"ஆமாம்பா."

"நல்ல ஐடியாவா இருக்கே" என்றார் முதலாளி.

மகன் கேலியாகச் சொன்னதை அப்பா யோசனையாக எடுத்துக்கொண்டார். பணக்காரர்களிடம் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்துச் சின்னவர் தொங்கிய முகத்தோடு வந்தார். காசைப் போட்டோ எடுத்து விஷயம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பியிருக்கிறார். அது நிஜக் காசே இல்லையாம். ரோமாபுரியில் பழைய கோயில் பார்க்க வருகிறவர்களுக்குக் கடையில் விற்கிற நகலாம். கருப்பும் கூடப் பூசிய கருப்புதானாம்.

"அப்ப நான் தேச்சதுல தப்பில்ல" என்று சொல்லி என் மனைவி அந்த விஷயத்தை முடித்துக்கொண்டாள்.

ஆனால் முதலாளி முடித்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் கம்பெனிக்கு வெள்ளி விழா. ஆயுத பூஜையன்று உலைக்கு மாலை போட்டு, பெல்ட்டுக்குச் சந்தனம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்த பிறகு மேடை போட்டார்கள். மேடைக்குப் பந்தல் இருந்தது. பொரியோடும் சுண்டலோடும் ஒவ்வொருவருக்கும் சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்று. திறந்தால் உள்ளே பளபளவென்று ஒரு நாணயம்.

ஒரு பக்கம் முதலாளி. பக்கவாட்டு முகம். அவருக்கு இயற்கையாக இருக்கிற இரண்டாவது தாடையை அச்சு செதுக்கியவன் மரியாதையாக நீக்கிவிட்டிருந்தான். சுற்றிலும் அவருடைய சங்கப் பதவிகளும் விருதுகளும் இடம் பற்றாமல் சுருக்கெழுத்தில் ஓடின. மறுபக்கத்தைத் திருப்பினேன். ஆறு தூண் வைத்த ஒரு கொட்டகை. அழகான முக்கோணக் கூரை. அடியில் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிற பெண்கள். கீழே எழுத்து: உழைப்பவர்க்கு நிழல்.

முதலாளி பேசினார். பெண்கள் வெயிலில் படுகிற பாட்டைப் பார்த்துத் தனக்குத் தூக்கமே வருவதில்லை என்றார். அதன் அடையாளம்தான் இந்த வெள்ளி நாணயம் என்றார். மேனேஜர் முதலில் கைதட்டினார். அவர் கைதட்டினால் எல்லோரும் தட்ட வேண்டும். நானும் தட்டினேன். நாங்கள் நின்று தட்டிய இடம் அந்த முற்றம்தான். மேலே கூரை இருக்கிறதா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். காசில் அவ்வளவு தெளிவாக இருந்ததால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் மனைவி நாணயத்தை வாங்கியதும் உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பிடித்தாள்.

"இன்னா?" என்று கண்ணால் கேட்டேன்.

"ஜிங்க்கு" என்றாள். "மேல பூச்சு."

மறுநாள் பெல்ட்டில் அந்தக் கூத்து நடந்தது. ஆரம்பாக்கத்து அக்கா தன் நாணயம் வெள்ளிதானா என்று எல்லோரையும் கனம் பார்க்கச் சொல்வதற்காகக் கொண்டுவந்திருந்தாள். கை மாறிக் கை மாறி வந்தது. பேச்சு சுவாரசியத்தில் யாரோ ஒருத்தியின் கை அதன் கனத்தைப் பார்த்து, வழக்கப்படி துத்தநாகக் கூடையில் வீசிவிட்டது. கூடை நிறைந்ததும் நானே கொண்டுபோய்க் குவியலில் கவிழ்த்தேன். அக்கா தேட ஆரம்பித்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

"ஐயோ, மொதலாளி ஜிங்க்குல போயிட்டாரு!" என்று ஒருத்தி கத்தினாள்.

"உருக்கறதுக்குள்ள எடுங்கடி! கட்டியா வந்தாருன்னா அடையாளம் தெரியாது!"

பெல்ட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் குவியலில் முதலாளியைத் தேடினோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கிடைத்தார். கதவுக் கைப்பிடிக்கும் கார்புரேட்டர் துண்டுக்கும் நடுவில் கம்பீரமாகப் படுத்திருந்தார். பூச்சு ஒரு பக்கம் உரிந்து, கன்னத்தில் ஈயம் மாதிரி சாம்பல் நிறம் தெரிந்தது.

சிரிப்பு அடங்கியதும் வெயில் அப்படியே இருந்தது. மழை முடிந்து, பொங்கல் போய், மாசியிலேயே காங்கிரீட் சூடேற ஆரம்பித்தது. என் மனைவி தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்காருவாள். அரை மணியில் துணி காய்ந்துவிடும். நான் பொத்தான் மேல் வைத்த கையை எடுப்பதில்லை. பெல்ட்டைப் பார்ப்பதைவிட அவளைப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. கூரையைப் பற்றிக் கேட்டால், "அதான் காசிலேயே போட்டுட்டாரே, செய்யாமலா போயிடுவாரு?" என்றார் மேனேஜர். காசில் வந்த பிறகு கேட்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இல்லாத கூரையைக் கேட்கலாம். கொடுத்தாகிவிட்ட கூரையை எப்படிக் கேட்பது?

பங்குனியில் எங்கள் அலுமினியக் கட்டியை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் ஆடிட் செய்ய ஒரு மேடம் வந்தார். தொழிலாளிகளுக்கு என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. தமிழ்க்காரர்தான். அன்றைக்குப் பிரிக்கிற வேலையை நிறுத்தி, பெண்களைக் குடோனுக்குள் உட்காரவைத்து, சாக்குத் தைக்கிற மாதிரி நடிக்கச் சொல்லியிருந்தார்கள். முற்றத்தைக் கழுவிவிட்டு, பெல்ட்டின் மேல் தார்ப்பாய் போர்த்தியாகிவிட்டது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மேடம் கிளம்புகிற நேரத்தில் மேனேஜர் தன் புத்தியால் ஒரு வேலை செய்தார். மரியாதைக்காக வெல்வெட் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்.

மேடம் திறந்து பார்த்தார். முதலாளியின் முகத்தைச் சீக்கிரமாகத் தாண்டிவிட்டார். பின்பக்கத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"இந்த ஷெட் நல்லா இருக்கே. இதை நீங்க காட்டவே இல்லையே. எங்க இருக்கு?"

மேனேஜர் கழுவிய முற்றத்தை ஒருமுறை பார்த்தார். "அது வந்து... மெயின்டனன்ஸுக்குப் பிரிச்சு வெச்சிருக்கோம் மேடம்" என்றார். பிறகு, பெல்ட் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "இல்லப்பா? போன மாசம் நீதானே நின்னு பிரிச்ச?"

நான் தலையாட்டுவதில் பேர் போனவன். என் சர்வீஸில் மேனேஜர் கேட்டு நான் ஆட்டாத தலை கிடையாது. அன்றைக்கு மேடம் என்னைப் பார்த்தார், மேனேஜர் என்னைப் பார்த்தார், குடோன் கதவு இடுக்கில் என் மனைவியின் தழும்புக் கன்னம் தெரிந்தது. ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலை ஆடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். மேனேஜர் இன்னொருமுறை, "இல்லப்பா?" என்றார். நான் நின்றேன்.

குடோனுக்குள்ளிருந்து சாக்கு ஊசியோடு அவள் வெளியே வந்தாள்.

"அத்த இன்னா கேக்குறீங்க மேடம், அது வாயே தொறக்காது" என்றாள் என்னைக் காட்டி. "நான் சொல்றேன். ஷெட்டு காசுலதான் கீது. நாங்களும் ஏறி உக்காரலாம்னு பாத்தோம். இடம் பத்தல."

மேடம் சிரிக்கவில்லை. தார்ப்பாயை எடுக்கச் சொன்னார். நான் எடுத்தேன். வெயில் பெல்ட்டின் மேல் விழுந்தது. மேடம் போனை எடுத்து முதலில் முற்றத்தைப் படம் பிடித்தார். பிறகு நாணயத்தைப் பெல்ட்டின் மேல் வைத்து, பின்பக்கம் தெரிகிற மாதிரி, அதையும் படம் பிடித்தார்.

எனக்கும் அவளுக்கும் அன்றோடு வேலை போய்விடும் என்றுதான் நினைத்தோம். மேனேஜர் இரண்டு நாள் எங்களைக் கண்கொண்டு பார்க்கவில்லை. மூன்றாம் நாள் இரும்பு பைப்பும் தகரமும் ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. படத்தில் இருக்கிற கொட்டகை நிஜமாக எழும்பினால்தான் அடுத்த ஆர்டர் என்று அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து எழுதிவிட்டார்களாம். சின்னவர்தான் காதோடு சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெல்டிங்காரர் இடத்தைப் பார்த்து, "நாலு தூண் போதும் சார், தாங்கும்" என்றார்.

"ஆறு போடு" என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு. "போட்டோ போயிடுச்சு."

ஆறு தூணோடு கொட்டகை எழும்பியது. முக்கோணக் கூரையும் வந்தது. முன்பக்கம் முதலாளியின் முகம் போட்ட போர்டு, கூரையைவிடக் கொஞ்சம் பெரிது. ரோமாபுரி ராஜாக்களில் எத்தனை பேர் காசில் போட்டதை இப்படிக் கட்டாயத்தின் பேரில் கட்டினார்களோ தெரியவில்லை. அவர்களுக்கு ஆடிட் மேடம் இருந்திருக்க மாட்டார்.

தகரக் கூரைக்கு அடியில் காற்று கொஞ்சம் அனலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அது நிழல். கத்திரி தொடங்கிய அன்று என் மனைவி மூன்றாவது தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஈரத்துணியைத் தலையிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மத்தியானம்வரை துணி காயவில்லை. நான் பொத்தானிலிருந்து கையை எடுத்து, வெகுநாளைக்குப் பிறகு பெல்ட்டைப் பார்த்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் சின்னவர் வந்தார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எப்டிக்கா இருக்கு?" என்று கேட்டார்.

அவள் முற்றத்தைத் தாண்டி, பெண்கள் மறைவுக்காக ஒதுங்கப் போகிற காம்பவுண்டு ஓரத்து முள்வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"நல்லாதான் கீது தம்பி" என்றாள். "அப்பாகிட்ட சொல்லி அடுத்த காசுல ஒரு கக்கூஸ் போடச் சொல்லு."